நாலு சொல் அகலம்

எங்க வீட்டுக்காரருக்கு அவரு வேலை பாத்த இடத்துல வச்ச பேரு சார்ஜர். மோட்டார் பம்பு செய்யற கம்பெனியில உதிரி பாகக் கிடங்குக்கு அவருதான் பொறுப்பு. யாரு போன்ல சார்ஜ் இறங்கினாலும் நேரா கிடங்குக்குத்தான் போவாங்க. மேஜை டிராயரைத் திறந்தா, எந்த போனுக்கு எந்த வயருன்னு சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, சீட்டு ஒட்டி வச்சிருப்பாரு. வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா மூணு மாசம் ஆகும். வயர் மட்டும் அப்படிச் சுத்தமா இருக்கும்.

முதல்லயே சொல்லிடறேன். இப்ப அவருக்கு இடது கண்ணுல பார்வை இல்ல. பாக்கறவங்களுக்கு அந்தக் கண்ணு நல்லாத்தான் இருக்கும், ஆனா அவருக்கு அதுல ஒண்ணும் தெரியாது. வலது கண்ணுல நடுவுல மட்டும் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு மிச்சம் இருக்கு. அந்தப் பொத்தானைக் காப்பாத்தத்தான் காலையிலயும் சாயங்காலமும் சொட்டு மருந்து ஊத்திட்டிருக்கேன். வயசு ஐம்பத்தி ரெண்டுதான். பாக்க வர்றவங்க எல்லாம், "ராப்பகலா அந்த மெஷினையே பாத்தா கண்ணு போகாம என்ன செய்யும்"னு சொல்லிட்டுப் போறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். பாத்ததால போகலன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. எதனால போச்சுன்னு வர்றவங்களுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும்.

அவருக்குப் பொழுது விடியறதே மணிக்கட்டுலதான். எழுந்ததும் வாட்சைப் பாத்து, "ராத்திரி நாலு தடவை முழிச்சிருக்கேன்"னு ஏதோ பேப்பர்ல வந்த சேதி மாதிரி சொல்லுவாரு. "ஏழு தடவை. பக்கத்துல படுத்தவ நான், என்னைக் கேளுங்க"ன்னு சொல்லுவேன். எடை பாக்கற மெஷின் மேல ஏறினா அது போனுக்குத் தகவல் அனுப்பும். பல்லு தேய்க்கற பிரஷ் கூட, ரெண்டு நிமிஷம் ஆச்சு போதும்னு அவருக்குச் சொல்லணும். ஒரு தடவை நான் ஏதோ கோபத்துல கத்திக்கிட்டு இருக்கேன், மனுஷன் நடுவுல வாட்சைப் பாத்துட்டு, "எனக்கு நெஞ்சு நூத்திப் பத்து அடிக்குது, கொஞ்சம் நிறுத்திக்கலாமா"ன்னு கேக்கறாரு. இந்த ஆளோட எப்படிச் சண்டை போடறது? சிரிச்சுத் தொலைச்சேன். இவ்வளவையும் அளந்தாரே, அந்தக் கண்ணை அளக்கறதுக்கு ஒண்ணை வாங்கினாரா?

மெஷின் பைத்தியம் பாதின்னா புத்தகப் பைத்தியம் மீதி. முதல்ல ஹால்ல கண்ணாடி போட்ட அலமாரி முழுக்கப் புத்தகம். எட்டு வருஷம் முன்னாடி அந்தப் படிக்கிற மெஷின் வந்துச்சு. ரெண்டு உள்ளங்கை அகலம், சாம்பல் கலரு. நான் அதைச் சிலேட்டுன்னுதான் சொல்லுவேன். அது வந்ததும் பாதிப் புத்தகத்தைத் தூக்கி யார் யாருக்கோ கொடுத்துட்டாரு. ரொம்பப் பிடிச்ச முப்பது, நாற்பது மட்டும் அலமாரியில நின்னுச்சு. அதுல ஒண்ணு உப்பளத்துக் கதை. உப்பு மூட்டை எடை போடற பொம்பளை ஒருத்தியைப் பத்தி, செங்கல் கனத்துல ஒரு நாவல். அதை மட்டும் பதினொரு தடவை படிச்சிருக்காரு. காகிதத்துல ஏழு, சிலேட்டுல நாலு. இதையும் எண்ணி வச்சிருக்காரு பாருங்க.

நான் வீட்டு முன் ரூம்ல துணி திருத்திக் கொடுக்கற வேலை பாக்கறேன். பேண்ட் நீளம் குறைக்கறது, இடுப்பைப் பிடிக்கறது, ஜிப் மாத்தறது. அவரு வேலை முடிஞ்சு வந்து, கை கால் கழுவிட்டு, என் மெஷினுக்கு எதுத்தாப்புல நாற்காலியைப் போட்டு உக்காந்து படிப்பாரு. "கேளு, இந்த இடம் கேளு"ன்னு ஆரம்பிப்பாரு. "எனக்கு ஜிப்பு நாலு பாக்கி இருக்கு, சும்மா இருங்க"ன்னு வாயை அடைச்சிடுவேன். கல்யாணமாகி இருபத்தி மூணு வருஷத்துல அவரு புத்தகம் ஒண்ணைக் கூட நான் படிச்சதில்லன்னு எங்க பொண்ணு கிட்டயே பெருமையாச் சொல்லிக்குவேன். அவருக்கும் அது ஒரு வேடிக்கை.

தட்டுத் தடுமாறல் எப்ப ஆரம்பிச்சுதுன்னு யோசிச்சா மூணு வருஷம் இருக்கும். கதவு நிலையில இடிச்சுக்குவாரு. மேஜை ஓரத்துல வச்ச டம்ளரைத் தட்டி விடுவாரு. நான் இடது பக்கமா காபியை நீட்டினா கண்டுக்கவே மாட்டாரு. "ஏங்க, நீட்டிக்கிட்டே நிக்கறேன், மரமா நான்?"னு கத்துவேன். "சாரி, படிக்கிற நினைப்புல இருந்துட்டேன்"னு சொல்லுவாரு. அவரே அப்படித்தான் நம்பினாரு! தெருவுல ஸ்கூட்டர்காரன் திட்டினான், படிக்கட்டுல ஒரு தடவை விழுந்தாரு, கல்யாண வீட்டுல அவரோட சித்தப்பா பக்கத்துல வந்து நின்னும் திரும்பல. எல்லாரும் ஒண்ணையேதான் சொன்னோம். காதுல ஒண்ணு, கையில ஒண்ணு, உலகம் எங்க தெரியப் போகுது? அதிகமாச் சொன்னது நான்தான். ஊருக்கே எடுத்துக் கொடுத்த மாதிரி சொன்னேன்.

போன மழைக்காலத்துல கிடங்குக்குள்ள மோட்டார் பெட்டி ஏத்தின தள்ளுவண்டி ஒண்ணு இடது பக்கத்துலேருந்து வந்திருக்கு. தள்ளினவன் "வழி, வழி"ன்னு கத்தியிருக்கான். இவரு காதுல பாட்டு. நேரா போய் அது மேலயே மோதியிருக்காரு. விலா எலும்பு ரெண்டு விட்டுப் போச்சு. தோள் பையில இருந்த சிலேட்டு குறுக்குல உடைஞ்சு போச்சு. மேனேஜரு ஆஸ்பத்திரிக்கே வந்து, "சார்ஜரு, இனிமே கிடங்குக்குள்ள ஒரு மெஷினும் வரக்கூடாது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. இவரு தலையாட்டிட்டு, அந்த ஆளு வாசலைத் தாண்டினதும் என்கிட்ட, "பையைக் கொடு, ஸ்கிரீனை மாத்த முடியுமான்னு பாக்கணும்"னாரு. மூச்சு விட்டா வலிக்குது, இந்த நிலைமையில ஸ்கிரீனு! தலையில அடிச்சுக்கிட்டேன்.

ஸ்கிரீன் கிடைக்கல, அந்த மாடலே நின்னு போச்சாம். ஆறு வாரம் படுக்கையில இருக்கணும்னுட்டாங்க. படிக்க ஒண்ணும் இல்லாம மனுஷன் செத்துப் போவாருன்னு, நானே அலமாரியைத் திறந்து உப்பளத்துக் கதையை எடுத்துக் கையில கொடுத்தேன். முகம் மலர்ந்து போச்சு. முகர்ந்து கூடப் பாத்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "இந்த ரூம்ல வெளிச்சம் பத்தல"ன்னாரு. ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பினேன். "பகல் வெளிச்சம் கண்ணைக் கூசுது"ன்னாரு. என் தையல் மெஷின் விளக்கைக் கழட்டி வச்சேன். விரலை வச்சு வச்சுப் படிச்சாரு. மறுநாளும் அப்படித்தான். மூணாவது நாள் எட்டிப் பாத்தா அதே பக்கம்.

"பதினொரு தடவை படிச்ச புத்தகம், மூணு நாளா ஒரே பக்கத்துல என்ன பண்றீங்க?"

"வரி முடிஞ்சா, அடுத்த வரி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலடி"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு.

நான் சிரிச்சேன். நிஜமாவே சிரிச்சேன். "சிலேட்டு உங்களைக் கெடுத்து வச்சிருக்கு, படிக்கவே மறந்துட்டீங்க"ன்னேன். அவரு சிரிக்கல. புத்தகத்தை நெஞ்சு மேல கவுத்துட்டு, வலது கண்ணை உள்ளங்கையால மூடிக்கிட்டாரு. நான் அவருக்கு எதுத்தாப்புல கட்டில் விளிம்புலதான் உக்காந்திருந்தேன், கையை நீட்டினா தொடலாம்.

"எழுந்து போயிட்டியா?"ன்னு கேட்டாரு.

அன்னைக்கே என் தம்பிக்குப் போன் போட்டு வண்டி கொண்டு வரச் சொல்லி, விலாவுல கட்டோட கண்ணாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்.

அங்க ஒரு மெஷின். வெள்ளையா, பெரிய கிண்ணத்தைக் கவுத்து வச்ச மாதிரி. அதுக்குள்ள முகத்தை வச்சு, மோவாயை ஊன்றி, கையில ஒரு பொத்தானைப் பிடிச்சுக்கணும். உள்ளே அங்கங்க சின்னப் புள்ளியா வெளிச்சம் வரும், தெரிஞ்சா அமுக்கணும். அவ்வளவுதான். இவருக்கு அந்த மெஷினைக் கண்டதும் வலியே மறந்து போச்சு. "இது எந்த வருஷத்து மாடல்மா, சாஃப்ட்வேர் இங்கயே போட்டதா?"ன்னு டெஸ்ட் எடுக்கற பொண்ணை நச்சரிக்கிறாரு. அந்தப் பொண்ணும் பொறுமையா பதில் சொல்லுச்சு. வலது கண்ணை மூடிட்டு இடது கண்ணுலேருந்து ஆரம்பிச்சாங்க. நான் மூலையில ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். மெஷின் டிக் டிக்குனு ஓடிக்கிட்டே இருக்கு, பொத்தான் சத்தம் மட்டும் வரல. ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"ன்னு கிண்ணத்துக்குள்ளேருந்து கேட்டாரு.

"இந்தக் கண்ணு முடிஞ்சிடுச்சு சார்"னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு.

டாக்டரம்மா சின்ன வயசுதான். காகிதத்தை எங்க முன்னாடி வச்சாங்க. இடது கண்ணுக்கு முழுக்கக் கறுப்பு. வலது கண்ணுக்குக் கறுப்புக்கு நடுவுல ஒரு வெள்ளை ஓட்டை. குளுக்கோமான்னு சொன்னாங்க. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா சாகடிக்குமாம். வலிக்காது, சிவக்காது. ஓரத்துலேருந்து பார்வை போகும், நடுவு கடைசி வரைக்கும் நல்லா இருக்கும், அதனால ஆளுக்கே தெரியாது. போனது போனதுதான், திரும்பாது. மிச்சத்தை மருந்து போட்டுக் காப்பாத்தப் பாக்கலாம். இது குடும்பத்துல வரக்கூடியது, பிள்ளைங்க இருந்தா அவங்களையும் வருஷம் ஒரு தடவை கூட்டிட்டு வாங்கன்னாங்க.

அப்புறம், "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. இந்த நிலைமையில போன மாசம் வரைக்கும் எப்படி சார் படிச்சீங்க?"ன்னு கேட்டாங்க.

இவருக்கு உற்சாகம் வந்துடுச்சு. அப்பக் கூட! சிலேட்டுல எழுத்தைத் தடிமனாக்கலாம், வெளிச்சத்தை ஏத்தலாம், ரெண்டு பக்கத்து ஓரத்தையும் உள்ள தள்ளி வரியைச் சின்னதாக்கலாம்னு விவரமா சொன்னாரு. வரி நீளமா இருந்தா கண்ணு அலையுதுன்னு ஓரத்தை ஒரு படி தள்ளினாராம். சுகமா இருந்துச்சாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படி. "காகிதப் புத்தகத்துல இந்த வசதி உண்டா டாக்டர்?"ன்னு கேக்கும்போதே அவருக்குப் புரிஞ்சு போச்சு. டாக்டரம்மா பேனாவைக் கீழ வச்சாங்க.

"பார்வை சுருங்கச் சுருங்க நீங்க பக்கத்தைச் சுருக்கியிருக்கீங்க சார். காகிதமா இருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு ஒன்றரை வருஷம் முன்னாடி வந்திருந்தா கூட இடது கண்ணுல பாதியாவது நிறுத்தி வச்சிருக்கலாம்." என்னைப் பாத்து, "வீட்டுல யாருமே அந்த ஸ்கிரீனைப் பாக்கலையாம்மா?"ன்னு கேட்டாங்க.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவரு முந்திக்கிட்டாரு. "அவளைக் கேக்காதீங்க டாக்டர். பாவம், அவ என் மெஷினைத் தொட்டதே இல்ல."

நான் என் கைப்பையோட ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கிட்டு இருந்தேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்துச்சு.

அந்த ரூம்ல நான் சொல்லாததை இப்ப சொல்றேன். அதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி, அவருக்குப் புதுக் கிடங்குக்குச் சரக்கு மாத்தற வேலை வந்துச்சு. நாலு நாள், ராத்திரியும் அங்கயே தங்கணும். தூசி படும்னு சிலேட்டை வீட்டுல வச்சுட்டுப் போனாரு. முதல் நாள் மத்தியானம் எனக்குத் துணி ஒண்ணும் இல்ல. அப்படி என்னதான் இருக்கு அதுல, ஒரு பொம்பளை உப்பு எடை போடறதைப் படிச்சுப் படிச்சு இந்த மனுஷன் கண்ணு கலங்குறாரேன்னு எடுத்துத் திறந்தேன். பொறாமைன்னே வச்சுக்கோங்க. திறந்தா, நடுவுல ஒரு பட்டை. ரெண்டு விரல் அகலம். வரிக்கு நாலு சொல்லு. எழுத்து மசி கொட்டின மாதிரி கறுப்பு, பின்னாடி டியூப் லைட் வெளிச்சம். ரெண்டு பக்கமும் வெத்து இடம். ரிப்பன் அகலத்துல எவன்டா படிப்பான்னு எனக்குச் சிரிப்பு. இவரு கிறுக்குல இதுவும் ஒண்ணுன்னு நினைச்சேனே தவிர, ஏன் இப்படின்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல.

பத்துப் பக்கம் புரட்டறதுக்குள்ள கட்டை விரல் நோவு எடுத்துச்சு. அங்க இங்க தட்டினதுல செட்டிங்ஸ் வந்துச்சு. ஒவ்வொண்ணும் எதுல நிக்குதுன்னு என் அளவு நோட்டுலயே குறிச்சு வச்சேன். ஓரம் கடைசி, எழுத்துத் தடிமன் ஏழு, வெளிச்சம் முழுசு. அப்புறம் எல்லாத்தையும் சாதாரணமா மாத்திக்கிட்டு, நாலு மத்தியானமும் உக்காந்து அந்தக் கதை முழுசும் படிச்சேன். கடைசிப் பக்கத்துல தையல் மெஷின் மேல தலையைக் கவுத்துக்கிட்டு அழுதேன். நாலாவது நாள் சாயங்காலம், அவரு வர்றதுக்குள்ள, நோட்டைப் பாத்துப் பாத்து எல்லாத்தையும் இருந்த இடத்துல வச்சேன். அவரு நிறுத்தியிருந்த பக்கத்தைக் கூடக் கண்டுபிடிச்சுத் திருப்பி வச்சேன். நான் ஒரு தையலைப் பிரிச்சு மறுபடி தைச்சா, பிரிச்ச அடையாளம் யாருக்கும் தெரியாது. அது என் கை சுத்தம். அவரு வந்தாரு, கை கழுவினாரு, திறந்தாரு, விட்ட இடத்துலேருந்து படிச்சாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி, மாட்டிக்கலையேன்னு.

சோம்பேறியா இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா நான்? மாத்தினது மாத்தினபடி விட்டிருந்தா, அன்னைக்கு அவரு திறந்ததும் முழு அகலத்துக்கு வரி வந்திருக்கும். "வரி தவறுதுடி, என்னமோ பண்ணிட்டே"ன்னு அன்னைக்கே கத்தியிருப்பாரு. டாக்டரம்மா சொன்ன அதே ஒன்றரை வருஷம். பாதிக் கண்ணு மிஞ்சியிருக்கும்.

இன்னும் அவர்கிட்ட சொல்லல. ரெண்டு மூணு தடவை சொட்டு மருந்து ஊத்தும்போது வாய் வரைக்கும் வந்துச்சு. "தொட்டதே இல்ல"ன்னு அன்னைக்கு எனக்காகப் பேசின மனுஷன் கிட்ட எதைச் சொல்லி எதை ஆரம்பிக்கறது? கம்பெனியில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வாட்சைக் கழட்டிப் பொண்ணுக்குக் கொடுத்துட்டாரு. போன்ல ஒரு குரல் புத்தகத்தைப் படிச்சுக் காட்டுது, அதைக் கொஞ்ச நாள் கேட்டாரு. அழுதாலும் சிரிச்சாலும் ஒரே மாதிரி ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற குரல். ஒரு நாள் அதை நிறுத்திட்டு, "நீ படியேன்"னாரு. எந்தப் புத்தகம்னு நான் கேக்கல, அவரே உப்பளத்துக் கதைன்னாரு. "உனக்குப் புதுசா இருக்கும். முதல் தடவை படிக்கறவங்க வாயால அதைக் கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை."

இப்ப தினமும் மத்தியானம் படிக்கிறேன். புதுசாப் படிக்கிறவ மாதிரி தடுமாறித் தடுமாறிப் படிக்கிறேன். தெரிஞ்ச இடத்துல எல்லாம் "அடப்பாவி"ன்னு வாய் விட்டுச் சொல்லணும், அவரு அதுக்காகவே காத்துக்கிட்டு இருப்பாரு. நேத்து கடைசி அத்தியாயத்துக்கு வந்துட்டோம். அந்தப் பொம்பளை யார்கிட்டயும் சொல்லாம உப்பு லாரியில ஏறிப் போயிடுவா, எடைத் தராசு ஆடிக்கிட்டே இருக்கும். அதுக்கு ஒரு பக்கம் முன்னாடி என் கையைப் பிடிச்சு நிறுத்தினாரு.

"அவ இப்ப என்ன பண்ணுவான்னு நினைக்கிற?"

"தெரியலீங்க. நீங்களே சொல்லுங்க."

"மாட்டேன், நீயே படி"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. நான் வலது பக்கத்துல உக்காந்திருந்தேன். அவரு என் முகம்னு நினைச்சு, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, சுவத்தைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் பக்கத்தைத் திருப்பினேன்.